செம்புத் தகட்டின் மேல் போட்ட பழி

ரவிக்கு,

உன் அப்பா எழுதுவது. வழக்கம்போல நலம் விசாரித்துத் தொடங்கத்தான் கை போனது. நான் நலமாக இல்லை, நீயும் உன் நலத்தை என்னிடம் சொல்லும் நிலையில் இல்லை, அதனால் அதை விட்டுவிட்டேன். ஜுஹு பந்தயத்தில் வண்டி நின்றுபோன மறுவாரமே நீ டோம்பிவிலி ஃபாக்டரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய் அங்கேயே அறையும் எடுத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர் வீட்டு டெலிபோனில் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுகிறாய். அப்பா சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாயாம். கட்டடத்துக்காரர்கள் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டுத்தான் போனாய் என்று அம்மா நினைக்கிறாள். நானும் அப்படியே தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

கடிதம் தமிழில் இருப்பதைப் பார்த்ததும் உனக்கு எரிச்சல் வந்திருக்கும். மாட்டுங்கா மார்க்கெட்டில் கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குத்தான் உனக்குத் தமிழ் வரும். கான்வென்ட்டில் போட்டதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன், வீட்டில் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. இங்கிலீஷில் எழுத எனக்குத் தெரியாதா என்ன? ஃபோர்ட் ஆபீசில் ஆயுள் முழுக்க அதைத்தானே எழுதினேன். முதலில் அதில்தான் எழுதவும் எழுதினேன். ஒரு பக்கம் முடிந்ததும் படித்துப் பார்த்தால், கப்பலில் வந்த சரக்கு நனைந்துபோனதற்காக வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதம் மாதிரி வழவழவென்று இருக்கிறது. வருத்தம் இருக்கிறது, நேர்ந்துவிட்டது என்று இருக்கிறது, யார் செய்தது என்பது மட்டும் இல்லை. கிழித்துக் குப்பையில் போட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இங்கிலீஷில் இருந்தால் நீ தனியாகப் படித்து, மடித்துப் பெட்டியில் போட்டுவிடுவாய். தமிழில் இருந்தால் ஒருவர் உட்கார்ந்து உனக்குப் படித்துக்காட்ட வேண்டும். அந்த ஒருவரை நானே தேர்ந்தெடுத்துவிட்டேன். கவரை ஒட்டி மீரான் கையில் கொடுத்து, டோம்பிவிலிக்குப் போய் ரவிக்கு நீயே படித்துக்காட்டு, அதுவரைக்கும் பிரிக்காதே என்று சொல்லப்போகிறேன். அவன் தாராவி கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், தமிழ் பேப்பரை விளம்பரம் உட்பட விடாமல் படிக்கிறவன். ஆக, இப்போது நீ கேட்பது என் எழுத்து, அவன் குரல். மீரான், எழுந்து போய்விடாதேயப்பா. உனக்குச் செய்ததை உன் வாயாலேயே படிக்கவைப்பது கொடுமைதான், எனக்குத் தெரியும். வேறு வழியில் எழுதினால் நான் எங்கேயாவது நழுவிவிடுவேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மீரான் சவுதிக்கு விமானம் ஏறுகிறான். ஏதோ ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் வேலையாம். நீயும் அவனும் ஜுஹுவுக்கு மறுநாளிலிருந்து பேசுவதில்லை. அவன் வைத்த செம்புத் தகடு சரியில்லாததால்தான் இன்ஜின் போயிற்று என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். அது பொய், ரவி. அந்தப் பொய்யோடு அவன் விமானம் ஏறிப் போய்விட்டால், நான் இருக்கிறவரை அதைச் சரிசெய்ய முடியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அவன் நம் வீட்டுக்குள் எப்படி வந்தான் என்பது உனக்கு நினைவிருக்கும். கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர் நின்ற மழை. நம் பத்மினி கார் நடுவழியில் செத்துப்போய் நிற்கிறது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன், இறங்கினால் பான்ட் நனைந்துவிடும் என்று. தண்ணீரில் நடந்துபோன ஒருவன் கண்ணாடியைத் தட்டி, "மாமா, குடைய மடக்கிட்டு ஸ்டேரிங்கப் புடிங்க, நான் தள்ளுதேன்" என்றான். நான் தமிழ் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "வண்டிக்குள்ள குடை புடிச்சிட்டு இருக்கியளே, வேற யாரு இருப்பா?" என்று சிரித்தான். அப்போதே கொஞ்சம் வாய்த்துடுக்கு. வண்டியை நம் கட்டடம் வரை தள்ளிக்கொண்டு வந்து, மூடியைத் திறந்து துடைத்து, கிளப்பியும் கொடுத்தான். நீ மாடியிலிருந்து ஓடி வந்து அவன் பக்கத்தில் நின்றவன்தான், அதற்குப் பிறகு அவனை விட்டு நகரவே இல்லை.

அந்த வண்டி எனக்கு என்னவென்று உனக்குத் தெரியும். பெயர் பதிந்துவிட்டு, வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. ஞாயிறு காலையில் அதைத் துடைக்காவிட்டால் எனக்குக் காப்பி இறங்காது. ஊரெல்லாம் மாருதி மாருதி என்று அலைந்துகொண்டிருந்தபோது நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என் பத்மினியின் வயிற்றைக் கிழித்தீர்கள். முதலில் அந்த கேம்ஷாஃப்ட். வால்வுகளை இன்னும் அதிகமாக, இன்னும் நேரம் கூட்டித் திறக்கவைத்தால் இன்ஜின் நன்றாக மூச்சு விடும் என்று சொல்லி, தாராவியில் ஒரு லேத்துக்காரரிடம் கொடுத்து அதன் மேடுகளைத் தேய்த்து மாற்றிக்கொண்டு வந்தீர்கள். மாற்றிய பிறகு வண்டி நின்ற இடத்திலேயே குளிர்ஜுரம் வந்தது போல நடுங்கியது. கீழ்வீட்டு மாமி, "உங்காத்துக் கார் ஸ்டார்ட் ஆனா எங்காத்து ஷெல்ஃபுல பாத்திரமெல்லாம் ஆடறது" என்று சண்டைக்கு வந்தாள். மீரானைக் கூப்பிட்டுக் கத்தினேன். "ரெண்டு நாள் பொறுங்க மாமா, சிங்கம் மாதிரி போவும்" என்றான். சிங்கமும் இல்லை, பூனையும் இல்லை. அந்த முதல் கேமுக்கு லேத்துக்காரரிடம் அவன் தப்பான அளவு கொடுத்துவிட்டிருந்தான். ஒப்புக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது அந்த மனுஷனுக்கு. பெருமையடித்துக்கொள்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். மீரான், சிரிக்காமல் படி.

பிறகு சிலிண்டர் ஹெட்டை இழைத்து அழுத்தத்தை ஏற்றினீர்கள். அதற்கும் பிறகு டர்போ. உடைப்புக் கிடங்கிலிருந்து எந்த டீசல் இன்ஜினிலோ கழற்றிய நத்தைக்கூடு மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேஜை மேல் வைத்தீர்கள். அம்மா "ஏண்டா, இதுல சாதம் வெக்கறதா, இதைச் சாப்பிடறதா?" என்று கேட்டாள். அதை வைத்து நீங்கள் போட்ட சண்டை இன்னும் என் காதில் இருக்கிறது. ஏற்கெனவே அழுத்தம் ஏற்றிய இன்ஜினில் டர்போவும் காற்றைத் திணித்தால் பிஸ்டன் தாங்காது, ஹெட்டுக்கு அடியில் செம்புத் தகடு வைத்து அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கத்தான் வேண்டும் என்று அவன். இறக்கினால் இத்தனை நாள் செய்ததெல்லாம் வீண் என்று நீ. ஹிந்தியில் திட்டிக்கொண்டீர்கள், தமிழில் சமாதானமானீர்கள். கடைசியில் நீ கேட்டதை விடக் கனமாகவும் அவன் கேட்டதை விட மெல்லியதாகவும் ஒரு தகடு வெட்டினீர்கள். "இது கத்தி மேல நடக்கிற வேலை, பாத்துக்கோ. சாதா பெட்ரோல் ஒரு சொட்டு உள்ள போவப்படாது. நைன்ட்டி த்ரீ ஆக்டேன் பெட்ரோல் மட்டுந்தான்" என்று அவன் உன்னிடம் சொன்னபோது நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை இல்லை, நம் வீட்டில் அந்த வார்த்தையை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். ஆகவே தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

பந்தயத்துக்கு முந்தின சனிக்கிழமைக்கு வருகிறேன். நீயும் மீரானும் ஜுஹு ஓடுபாதையைப் பார்த்து வரப் போயிருந்தீர்கள். வண்டி நம் கட்டட வாசலில், அளந்து ஊற்றிய பெட்ரோலோடு, தொடக்கூடாது என்ற உத்தரவோடு நின்றது. என் வண்டியை நான் தொடக்கூடாது! அந்தக் கோபமும் எனக்கு இருந்தது. அம்மா, பந்தயத்துக்கு முன்னால் வண்டிக்கு ஒரு பூஜை போட்டுவிட்டால் தேவலை என்றாள். நான் சாவியை எடுத்தேன். "அவனண்ட ஒரு வார்த்தை கேட்டுண்டு போங்கோ" என்றாள். "என் வண்டிக்கு யாரைக் கேக்கணும்? நீ சும்மா இரு" என்றேன்.

செம்பூர் கோயிலுக்குப் போனேன். அங்கே நடந்ததை இந்த இடத்தில் எழுத முடியவில்லை, பின்னால் எழுதுகிறேன். திரும்பும்போது சயான் நெரிசலில் வண்டி மாட்டிக்கொண்டது. அந்த இன்ஜின் பெட்ரோலைக் குடித்த குடி, முள் இறங்கிக்கொண்டே வந்தது. போகும்போது முள் எங்கே இருந்தது என்று பார்த்து வைத்திருந்தேன். அது இறங்கியிருந்தால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், மீரான் என்னைக் கேள்வி கேட்பான். ஒரு மெக்கானிக்கிடம் நான் என் வண்டியை எடுத்ததற்குக் கணக்குச் சொல்வதா? வழியில் ஒரு பம்ப்பில் நிறுத்தினேன். "சாதா டாலூம், சாப்?" என்று பையன் கேட்டான். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அந்த பம்ப்பில் மற்றது இல்லை, இன்னொரு பம்ப்புக்குப் போக நேரமில்லை, நீங்கள் வந்துவிடுவீர்கள். பெட்ரோல் பெட்ரோல்தானே, இந்தப் பிள்ளைகள் பெரிதுபடுத்துகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "சாதா டால்" என்று ஊற்றச் சொன்னேன். முள் பழைய இடத்துக்கு வந்ததும் போதும் என்றேன். நீங்கள் வருவதற்குள் வண்டியை அதே இடத்தில் நிறுத்தி, சந்தனம் குங்குமத்தைத் துடைத்து, ஒரு கடமையை முடித்த நிம்மதியோடு காப்பி குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜுஹுவில் நான் எப்படி நின்றேன் தெரியுமா? முன்பின் தெரியாதவர்களைப் பிடித்து, "மேரா லட்கா", என் பிள்ளை என்று உன்னைக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த சேட் வீட்டுப் பையன் என் பக்கத்தில்தான் நின்றான். வண்டி நன்றாகப் போனால் செம்பூரில் காலியாகக் கிடக்கும் அவர்கள் ஷெட்டை உங்களுக்குக் கொடுத்து, அவன் சிநேகிதர்கள் வண்டிகளையெல்லாம் உங்களிடமே விடுவதாகச் சொல்லியிருந்தானே, அவன்தான். கொடி இறங்கியதும் நம் பத்மினி சீறிக்கொண்டு போனது. டர்போவின் அந்த விசில் சத்தம் கேட்டு அம்மா என் கையைப் பிடித்தாள். பாதி தூரம் தாண்டியதும் தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம் வந்தது. உடனே புகை. நீ உள்ளே இருக்கிறாய். அம்மா "ரவீ" என்று கத்திய குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. நீ இறங்கி நடந்து வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் நான் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? சேட் பையன் பக்கம் திரும்பி, இங்கிலீஷில், "இந்த ஆட்கள் வேலை இவ்வளவுதான், தாராவிச் சரக்கு" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். அந்த வார்த்தையை அவன் பிடித்துக்கொண்டான். அன்று சாயங்காலத்துக்குள் மோட்டார்க்காரர்கள் மத்தியில் அது பரவிவிட்டது. பிற்பாடு நீ அதே வார்த்தையை மீரானிடம் சொன்னபோது, சேட் பையன் சொன்னதாகத்தான் சொன்னாய். அது என்னிடமிருந்து கிளம்பியது.

மறுநாள் மீரான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் ஹெட்டைக் கழற்றும்போது நானும் உன்னோடு வந்தேன். ஏன் வந்தேன் என்று இப்போது யோசித்தால், என் தலை தப்பியதா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன். மூன்றாவது பிஸ்டனின் தலையில் ஓட்டை, விளிம்பு உருகி வழிந்திருந்தது. தகடு அப்படியே இருந்தது. நீ பிஸ்டனைத்தான் பார்த்தாய், தகட்டைப் பார்க்கவில்லை. மீரான் டாங்கியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு பாட்டிலில் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான். சாதா கலந்ததில் நிறம் வெளிறியிருந்தது. என் பக்கம் திரும்பி, மரியாதையாகத்தான் கேட்டான்.

"மாமா, சனிக்கெழம வண்டி வெளிய போச்சா?"

"இல்லையே" என்றேன்.

யோசிக்கவே இல்லை, அவ்வளவு சுலபமாக வந்தது. அவன் திறந்திருந்த பானட்டைப் பார்த்தான். அதன் உள்விளிம்பில் குருக்கள் வைத்த குங்குமம், நான் துடைக்க மறந்தது, பளிச்சென்று இருந்தது. நானும் பார்த்தேன். நீ குனிந்து பிஸ்டனைக் கையில் வைத்திருந்தாய். மீரான் தோளில் கிடந்த அழுக்குத் துணியை எடுத்து, ஏதோ எண்ணெய்க் கறையைத் துடைப்பவன் போல அதைத் துடைத்துவிட்டான். துடைத்துவிட்டு, "அப்போ என் தகடுதாம்ல சரியில்ல போல. கனம் பத்தல" என்று உன்னிடம் சொன்னான்.

ரவி, அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்கலாம். நீ கத்தினாய். "தூ தோ பஸ் புளுகு மூட்டை ஹை, தாராவி கா மால்னு சேட் பையன் சொல்றது சரிதான்" என்று ஹிந்தியும் தமிழும் கலந்து நீ கத்தியபோது, எப்போதும் உன்னைத் திருப்பி ரெண்டு மடங்கு திட்டுகிறவன் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். எனக்காக. தகப்பனை மகன் முன்னால் பொய்யனாக்க அவனுக்கு மனசு வரவில்லை. எனக்கோ, அவனைத் திருடன் போல நிற்கவைக்க மனசு வந்தது. வீட்டுக்கு வரும் வழியில், "போனாப் போறதுடா, ஆளைத் தெரிஞ்சுண்டமே" என்று உனக்கு ஆறுதல் வேறு சொன்னேன். இதை எழுதும்போது என் கை எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அவனிடம் யார் வண்டி விடுவார்கள்? ஷெட்டும் போயிற்று. போன செவ்வாய்க்கிழமை அவன் நம் வீட்டுக்கு வந்தான். எந்த நேரத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டு "மாமி, காப்பி" என்று நேரே சமையலறை வாசலுக்குப் போகிறவன், கதவுக்கு வெளியிலேயே நின்றான். அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். "சவுதி போறேன் சார். மாமிகிட்ட சொல்லிடுங்க" என்றான். சார். அத்தனை வருஷம் மாமா என்று கூப்பிட்ட வாய். உள்ளே வா என்று நான் கூப்பிட்டேன். "இல்ல சார், நேரமாவுது" என்றான். அப்போதும் சொல்லியிருக்கலாம். நீயும் இல்லை, அம்மாவும் இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். "ஜாக்கிரதையா போய்ட்டு வா" என்று சொல்லி, கதவைச் சாத்தினேன். அவன் படியிறங்கும் சத்தம் முடிகிற வரைக்கும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அம்மா வந்ததும் அவளிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. "அந்தப் பிள்ளை ஏன் வரதே இல்லைன்னு நான் உங்களை எத்தனை தடவை கேட்டேன்? வேலை ஜாஸ்தின்னேளே" என்றாள். பிறகு, "ரவிகிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்க பண்ணினது, நீங்களே சொல்லுங்கோ" என்றாள். அதிலிருந்து தட்டு வைக்கிறாள், சாதம் போடுகிறாள், பேச்சு மட்டும் இல்லை. மறுநாள் சேட் பையனைத் தேடிப்போய், தப்பு என்னுடையது, மீரானுடையது இல்லை என்று சொன்னேன். "அரே அங்கிள், அப் க்யா ஃபாய்தா? ஷெட் தோ கிராயே பே தே தியா" என்று சிரித்தான். ஷெட்டை வாடகைக்கு விட்டாயிற்றாம், இனிச் சொல்லி என்ன பிரயோஜனம் என்கிறான். அவன் சிநேகிதர்களிடமாவது சொல் என்று கெஞ்சினேன். சொல்வதாகத் தலையாட்டினான். சொல்லமாட்டான். நான் ஒரு வாக்கியத்தில் பரப்பியதை இனி நூறு பேரிடம் போய்ச் சொன்னாலும் திரும்ப எடுக்க முடியாது என்று அங்கேதான் புரிந்தது.

அப்பா என்ற முறையில் உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் இதைக் கேட்டுக்கொள். நாளைக்கு உனக்கும் பெண்டாட்டி பிள்ளை என்று ஆகும். யாராவது உன்னை நேருக்கு நேராக, ஆமாவா இல்லையா என்று கேட்டால், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் பதில் சொல்லிவிடு. நான் நீ நிற்பதைப் பார்த்தேன். உன் கண்ணில் நான் சிறியவனாகிவிடுவேன் என்று பயந்தேன். இப்போது எவ்வளவு சிறியவனாகியிருக்கிறேன் பார். இன்னொன்று, யாரும் கேட்காத உபகாரத்தை அவர்களுக்குத் தெரியாமல் செய்யாதே. அதில் பாதி, நம்முடைய அதிகாரத்தைக் காட்டுகிற ஆசைதான்.

இப்போது கோயில். மீரான், இந்த இடத்தை நீ தாண்டிப் போகப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். ஒரு தடவை துடைத்துவிட்டவன் இன்னொரு தடவையும் துடைப்பாய். தாண்டாதே. ரவி, அவன் பக்கத்தைத் திருப்பினால் கையைப் பிடி.

கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சின்ன வயசுக் குருக்கள், நட்சத்திரம் கேட்டார், சொன்னேன். எல்லாரும் அதோடு நிறுத்துவார்கள். நான் பானட்டைத் திறந்தேன். "இன்ஜின் மேலயும் கொஞ்சம் தீர்த்தம் தெளிச்சு சுத்தி பண்ணிடுங்கோ. வேத்து மனுஷா கை பட்டிருக்கு" என்றேன். குருக்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்ஜின்ல ஜலம் படலாமா மாமா?" என்று சொல்லிவிட்டு, உள்விளிம்பில் குங்குமத்தை மட்டும் வைத்தார். மழையில் இடுப்பளவுத் தண்ணீரில் என்னைத் தள்ளிக்கொண்டு வந்த கையை, அம்மா தோசை போட்டுக் கொடுத்த கையை, உனக்காக இரும்பை ராவிக் காய்த்துப்போன கையை நான் அப்படிச் சொன்னேன். அம்மா பூஜை கேட்டாள் என்பது உண்மை. அதற்காக மட்டும் நான் போகவில்லை. நாளைக்கு என் பிள்ளை ஜெயிக்கும்போது அதில் அந்தக் கை இருக்கக் கூடாது என்று நினைத்துப் போனேன். இன்ஜினைக் கெடுத்தது சாதா பெட்ரோல்தான், ஆனால் அந்த நினைப்பு இல்லாவிட்டால் வண்டி வாசலை விட்டு நகர்ந்திருக்காது. மீரான், அன்றைக்கு நீ துடைத்த குங்குமம் எதற்காக வைத்தது என்று உனக்குத் தெரியாது. தெரியாமலேயே என்னைக் காப்பாற்றினாய். தெரிந்த பிறகு நீ என்ன செய்தாலும், என் வீட்டு வாசலை மிதிக்காவிட்டாலும், அது நியாயம்தான். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், அதனால் கேட்கவில்லை.

ரவி, உன்னிடமும் எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. என்னோடு பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம். அவனுக்குக் கொடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஷெட்டை என்னால் கொடுக்க முடியாது, அவன் பெயரை ஊரில் திரும்ப நிறுத்த முடியாது, சவுதிப் பயணத்தை நிறுத்த முடியாது. உன் முன்னால் அவன் தன் மேல் போட்டுக்கொண்ட பழியை மட்டும் உன் முன்னாலேயே இறக்கிவைக்க முடியும். அதையும் என் வாயால் சொன்னால் போதாது, பொய்யை அவன் தன் வாயால் சொன்னான், உண்மையையும் அதே வாய்தான் சொல்ல வேண்டும்.

மீரான், நிமிர்ந்து உட்கார். அவன் முகத்தைப் பார்த்து, இந்தக் கடைசி வரியைச் சத்தமாகப் படி.

என் தகட்டில் ஒரு குறையும் இல்லை.

இன்னொரு தடவை படி, அவன் கேட்கட்டும்.